மஞ்சள் பலகையில் இருந்த வரி

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் ஒரே ஒரு வரியைச் சரியாகப் படிக்காத முட்டாள் நான். தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே அறைக் கதவில் மஞ்சள் பலகை தொங்கும். ‘கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்.’ அவ்வளவுதான் அதில் இருந்தது. நான் அதைத் தடை என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் தேவாரம் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சிக்கு அப்போது வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளைக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை. அவளுக்கு வாரக்கணக்கில் விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல் என்று நான்தான் அவளை பஸ்ஸில் கூட்டி வந்தேன். டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எழுதினார். நெஞ்சுக்கு எடுக்கும் படத்தில் பிள்ளைக்குப் போகிற கதிர் மிகக் கொஞ்சம், வேண்டுமானால் வயிற்றின் மேல் ஈய உறை போடுவார்கள், நோய் என்னவென்று தெரியாமல் விடுவதுதான் ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

துக்க வீட்டிலேயே பக்கத்தில் இருப்பவரைச் சிரிக்க வைத்துத் திட்டு வாங்குகிறவன் நான். எக்ஸ்ரே அறை வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தால் சும்மா இருப்பேனா? பலகையைக் காட்டினேன். “ஆத்தா, நீ உள்ள போனேன்னு வையி, பிள்ள டியூப்லைட்டு மாதிரி எரிஞ்சுக்கிட்டேதான் பொறக்கும். தொட்டில்ல போட்டா வீட்டுக்குக் கரண்டே வேணாம்.”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் வயிற்றில் கை வைத்தாள். பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து வெளியே நடந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. பிள்ளை பிறந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தேன். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு நினைப்பு வேறு.

அடுத்த மாதம் மூச்சு முட்டி, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே முதலில் எடுத்ததே அந்த எக்ஸ்ரேதான். காசநோய். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. முன்னமே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார்கள். நாள் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை சாயங்காலம் வரை இருந்தது. துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள்.

மாத்திரையெல்லாம் முடித்தபின், போன மாதம் மறுபடி படம் எடுக்கக் கூட்டிப் போனேன். அதே கதவு, அதே பலகை. ஒரு மூலையில் மட்டும் பெயிண்ட் உரிந்திருந்தது. படம் எடுத்துவிட்டு வந்தவள், அதையே பார்த்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் பார்த்தாள்.

“சொல்லணும்னுதாண்ணே போட்டிருக்காக. ஓடணும்னு போடல.”