நானூற்றுப் பதினேழாம் நம்பர் புகையிலை

எங்கள் குடும்பத்தில் பாய்லர் என்று சொன்னால் அது என் கொழுந்தனார்தான். என் மாமனாருக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவர் என் வீட்டுக்காரர், இவர் நாலாவது. நடுவில் இரண்டு நாத்தனார்கள். கடைசித் தம்பி கதை தனிக் கதை, அதை எடுத்தால் இது முடியாது. பாய்லர் காகித ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் கொதிகலன் பார்த்தார். பெயர் வந்ததற்கு வேலை பாதிக் காரணம், கோபம் மீதிப் பாதி. அவர் முகம் சிவக்க ஆரம்பித்தால், "பிரஷர் முள் ஏறுது, எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொன்ன பிறகு முள் இன்னும் ஏறும்.

அவர் பைப் பிடிப்பவர். எங்கள் பக்கத்தில் பீடி உண்டு, சிகரெட் உண்டு, பைப் அவர் ஒருத்தர்தான். ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து ஒன்பது வருஷம் இருந்தார். கொதிகலன் அறையில் இரும்பு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே பைப்பில் புகையிலை அடைப்பாராம். இருவருக்கும் பொதுவான பேச்சு கிடையாது. வால்வைக் காட்டுவார்கள், தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பும் நாளில் தன் பைப்பையும் ஒரு டின் புகையிலையையும் இவர் கையில் வைத்துவிட்டுப் போனார். அதோடு விடவில்லை. வருஷத்துக்கு ஒரு டின் தபாலில் வந்தது. இருபத்திரண்டு வருஷம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

அதில் ஒரு காலி டின்னை அவர் வைத்திருந்தார், அதன் மேல் ஒரு மான் தலை. அதற்குக் கீழே பேனாவால் எழுதிய நம்பர், 417. கடை பெயர் ஏதோ பொடி எழுத்தில் இருந்தது. கை பட்டுப் பட்டு அது தேய்ந்துவிட்டது. நம்பர் தேயவில்லை, ஏனென்றால் பாய்லர் அதை வருஷா வருஷம் பென்சிலால் மேலே பூசிக்கொண்டிருந்தார். அவர் வேலையில் எல்லாமே நம்பர்தான். வால்வுக்கு நம்பர், கேஸ்கெட்டுக்கு நம்பர், நிலக்கரிக்கு நம்பர். நம்பரைச் சொன்னால் ஸ்டோர்க்காரன் சாமானை எடுத்து நீட்டுவான். புகையிலையும் அப்படித்தான் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு?

டின் நின்ற பிறகு பதினொரு வருஷம் கிடைத்த தூளையெல்லாம் அடைத்துப் பிடித்தார். இருமல் வந்தது. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இது நுரையீரலா, உங்க ஆலைச் சிம்னியா?" என்று கேட்டார். மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள், அந்த எஞ்சினியருடைய நாட்டிலேயே. அவள் போனில் அழுதாள், திட்டினாள், கடைசியில் பேரம் பேசினாள்.

"அப்பா, இங்க வாங்க. உங்க நம்பர் புகையிலை ஒரு டின் வாங்கித் தரேன். அதை அடி வரைக்கும் பிடிங்க. முடிஞ்சதும் பைப் என் கைக்கு வந்துடணும்."

"சரி."

"அது கிடைக்கிற வரைக்கும் வேற ஒரு தூளும் கூடாது."

இதற்கும் சரி என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான் என்கிற பிடிவாதம் அந்த வீட்டு ரத்தம். என் மாமனார் ஒருமுறை கோபத்தில் கண்ணாடியை அணிய மாட்டேன் என்று சொல்லி, மூன்று வருஷம் அணியாமலே நடந்து தூணில் மோதிக்கொண்டார்.

என் ஓரகத்தி, அதாவது பாய்லரின் மனைவி, கூடப் போக மறுத்துவிட்டாள். "ஆறு வாரம் என் ஜன்னல் திரை நாறாம இருக்கட்டும்க்கா. நீங்க போயிட்டு வாங்க, உங்களுக்குத்தான் அவர் அடங்குவாரு." யார் சொன்னது அடங்குவார் என்று? ஆனாலும் நான்தான் போனேன்.

விமானம் ஏறின நாளிலிருந்து அவர் வாயில் வெறும் பைப். கடித்துக் கடித்து அதன் முனையில் பல் தடம் விழுந்துவிட்டது. மகள் வீட்டில் காலை எழுந்ததும் வெறும் பைப்பை உறிஞ்சுவார், சாப்பிட்டதும் உறிஞ்சுவார். மாப்பிள்ளை பேப்பரைத் திருப்பினால் சத்தம் என்பார். குழாயில் தண்ணீர் சொட்டினால், "இந்த வீட்டுல ஒரு கேஸ்கெட் மாத்த ஆள் இல்லையா?" என்பார். மாப்பிள்ளை தங்கமான பையன். நாலாவது நாள் என்னிடம் வந்து, "பெரியம்மா, கடைக்கு எப்போ போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

முதலில் போனது ரயில் நிலையத்துக்குள் இருந்த கடை. கண்ணாடிக் கதவு, விளக்கு வெளிச்சம், வரிசையாக லைட்டர். கல்லாவில் இருந்த பெண்ணிடம் மகள் டின்னைக் காட்டி நம்பரைச் சொன்னாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டு, செர்ரிப் பழப் படம் போட்ட ஒரு பாக்கெட்டை நீட்டினாள்.

பாய்லர் அதை முகர்ந்து பார்த்தார். "இது பல்பொடி. வா போகலாம்."

அந்தப் பெண்தான் பழைய கடை ஒன்று ஆற்றங்கரைத் தெருவில் இருப்பதாகச் சொன்னாள். போனோம். பூட்டியிருந்தது. வாரத்தில் மூன்று நாள்தான் திறப்பார்களாம். திறக்கிற நாள் பார்த்துப் போனோம். சாப்பாட்டு நேரம் என்று அட்டை தொங்கியது. மழையில் ஒரு குடைக்குள் மூன்று பேர் நின்றோம்.

"முப்பத்தெட்டு வருஷத்துல சாப்பாட்டுக்குன்னு நான் கொதிகலனை அணைச்சதே இல்ல" என்றார் பாய்லர்.

"கடைக்காரருக்கும் பசிக்கும்ல தம்பி."

"பசிக்கட்டும் அண்ணி. ஒரு கையில சாப்பிட்டு ஒரு கையில விக்கட்டும்."

அட்டை திரும்பியதும் உள்ளே போனோம். கடை என்றால் அது கடை. தரையிலிருந்து கூரை வரை மர இழுப்பறைகள், பீங்கான் ஜாடிகள், ஒவ்வொன்றிலும் நம்பர். நம்பரைப் பார்த்ததும் பாய்லருடைய முகம் தெளிந்ததை அந்தப் பயணத்திலேயே அப்போதுதான் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனார். அறுபதோடு ஜாடி முடிந்துவிட்டது.

கடைக்காரர் தொப்பை குலுங்கச் சிரித்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றான்?"

மகள் தயங்கினாள். "நானூத்திப் பதினேழு இல்லையாம். நாப்பத்தொண்ணையும் ஏழையும் கலந்து தரவான்னு கேட்கிறார். விளையாட்டுக்குச் சொல்றாருப்பா."

பாய்லருக்கு அது விளையாட்டாகப் படவில்லை. "கலக்கச் சொல்லு." கடைக்காரர் சிரிப்பை விழுங்கிவிட்டு, பித்தளைத் தராசில் நிறுத்து, தாளில் கொட்டிக் கலந்து நீட்டினார். பாய்லர் மூக்கை வைத்து நெடுநேரம் இழுத்தார். ஒரு தடவை பற்றவைத்துப் பார்க்கட்டும் என்று கடைக்காரர் தீப்பெட்டியை நகர்த்தினார். இவர் கை அதை நோக்கிப் போனது. மகள் அந்தக் கையையே பார்த்தாள். கை திரும்பி வந்துவிட்டது.

"அது இல்ல" என்று சொல்லித் தாளைத் தள்ளினார்.

கடைக்காரர் அப்புறம்தான் காலி டின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மான் தலையைத் தட்டிக் காட்டினார். அது வேறு நகரத்துக் கடையின் அடையாளமாம். ரயிலில் இரண்டு மணி நேரம்.

மகளுக்கு லீவு கிடைப்பதற்குள் எங்களுக்கு மிச்சம் இருந்தது ஐந்து நாள். மூன்று பேரும் கிளம்பினோம். ரயில் இறங்கி, கல் பாவிய ஏற்றத்தில் நடந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. பாய்லர் வாங்காதது போல நடித்துக்கொண்டு ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். உச்சியில் குறுகின கடை. கதவுக்கு மேலே அதே மான் தலை, மரத்தில் செதுக்கினது. கதவைத் தள்ளினால் மணி அடித்தது. உள்ளே ஒரு மேஜை, அதன் பின்னால் கழுத்தில் கயிறு கட்டின கண்ணாடியோடு மெலிந்த ஒரு மனிதர். ஜாடிகள் மேல் நம்பர் கிடையாது. அவர் முதுகுக்குப் பின்னால் தடித் தடியாகப் புத்தகங்கள் இருந்தன.

இந்த முறை பாய்லர் மகளை எதிர்பார்க்கவில்லை. டின்னை மேஜையில் வைத்து விரலால் நம்பரைத் தொட்டார். அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. எழுந்து ஒரு புத்தகத்தை எடுத்தார், தாளைப் புரட்டினார், ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து ஒரு பெயரைச் சொன்னார். எஞ்சினியரின் பெயர்.

"அவர்தான்" என்று பாய்லர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தீங்களா அண்ணி, அவர்தான்."

அந்தப் பெயர் இவருடையதா என்று கடைக்காரர் கேட்டதற்கு மகள், இல்லை, இவர் அவருடைய நண்பர் என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் புத்தகத்தை மூடினார். மூடி, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு பொறுமையாகப் பேசினார். மகள் முகம் சுருங்கியது.

"அப்பா, அந்த நம்பர் புகையிலையோட நம்பர் இல்லையாம். ஆளோட நம்பராம். இந்தக் கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலவை சேர்த்து, அவங்க நம்பர்ல எழுதி வைப்பாங்களாம். அது அவங்களுக்கு மட்டும்தானாம். வேற யாருக்கும் தர மாட்டாங்களாம்."

பாய்லர் டின்னைத் திருப்பிப் பார்த்தார். "அப்போ இத்தனை கடையில நான் போய் அந்த மனுஷன் பேரையா கேட்டுக்கிட்டிருந்தேன்?"

"கிட்டத்தட்ட."

"அவரே தன் கையால எனக்குக் கொடுத்த புகையிலைன்னு சொல்லு."

சொன்னாள்.

"இருபத்திரண்டு வருஷம் அனுப்பினாருன்னு சொல்லு. அனுப்பினதே இவன் கடையிலேர்ந்துதானே."

அதையும் சொன்னாள். கடைக்காரர் தலையை அசைத்து, அவர் வாங்கி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், நாங்கள் கொடுக்க முடியாது என்றாராம்.

"ஆள் உயிரோட இருக்காரா?"

கடைசியாக எழுதினது பதினொரு வருஷத்துக்கு முன்னால், அதற்கு மேல் சொல்வது முறையில்லை. இதுதான் பதில். வாரிசு யாராவது கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால் கொடுப்பார்களாம்.

முள் ஏறியது. நான் அவர் சட்டையைப் பிடித்தேன். "போய்ச் சேர்ந்த மனுஷனுக்கு எதுக்குடா புகையிலை?" என்று அவர் கேட்டதை மகள் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் கடைக்காரருக்கு விளங்கிவிட்டது போலிருந்தது. ஒரு நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தார். பிறகு புதுத் தாள் ஒன்றைத் திறந்து, பேனாவை எடுத்து, இவருக்கென்று ஒரு கலவை சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அந்தப் பழைய வாசனை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும்.

நீராவி அழுத்தம் எத்தனை பவுண்டு என்று முகத்தில் பட்ட சூட்டை வைத்தே சொல்கிற பாய்லர், இதைச் சொல்ல முடியாமல் தவித்தார். "நல்லா இருக்கும்னு சொல்லு" என்றார். கடைக்காரர் பேனாவைக் கீழே வைக்காமல் காத்திருந்தார். கடைசியில் நான்தான் சொன்னேன். கூட்டுக் குடும்பமாக இருந்தபோது அவர் சட்டைகளை எத்தனை வருஷம் துவைத்துப் போட்டிருக்கிறேன். நனைந்த மரத்தூள், தீய்ந்த சர்க்கரை, பழைய தோல் பையைத் திறந்தால் வருகிற வாசனை. மகள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நாலு ஜாடியிலிருந்து எடுத்தார், பிசைந்தார், புது டின்னில் அடைத்தார். மான் தலைக்குக் கீழே புது நம்பர் எழுதினார். 9036.

பாய்லர் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். நானும் முகர்ந்தேன்.

"எப்படிப்பா?" என்றாள் மகள்.

"பக்கத்து வீட்டுக்குள்ள போயிட்ட மாதிரி இருக்கு" என்றார். "நம்ம வீடு இல்ல."

திரும்பின ரயிலில் சண்டை.

"ஒரு டின்னுன்னு பேச்சு. டின் கையில இருக்கு. பிடிங்க, முடிங்க, பைப்பைக் கொடுங்க."

"நானூத்திப் பதினேழுன்னு பேச்சு."

"அது கிடைக்காதுப்பா."

"அப்போ பைப்பும் கிடைக்காது."

"அப்போ இந்த டின்னையும் தொடக்கூடாது. வேற தூள் கூடாதுன்னு நீங்கதானே சரின்னு சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவளும் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். நடுவில் நான், மடியில் டின். மூக்கைப் பார்த்தால் இரண்டும் ஒரே மூக்கு.

நாங்கள் வந்து ஐந்து மாதம் ஆகிறது. டின் அவர் அலமாரியில் மூடினபடி இருக்கிறது. அதைத் திறந்தால் அதுதான் அந்தக் கடைசி டின் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். திறக்காவிட்டால் புகை இல்லை. வாக்கு மீறி வேறு தூள் வாங்கவும் மனசு வரவில்லை. மகள், வாரிசைத் தேடிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அப்பா விலாசத்துக்கே அனுப்பச் சொல்லி அந்தக் கடைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். காலை பத்தரைக்குத் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் பாய்லர் வாசலுக்குப் போகிறார். மின்சார பில்லோடு திரும்பி வருகிறார்.

அவரைப் பார்க்கிறவர்கள், "பரவாயில்லையே, விட்டுட்டீங்களே" என்று கை கொடுக்கிறார்கள். அதுதான் அவருக்கு ஆகாதது. "யார் சொன்னது விட்டேன்னு? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

போன வாரம் போயிருந்தேன். இருமல் இல்லை. ஓரகத்தியின் ஜன்னல் திரை வெள்ளையாக இருந்தது. அவர் வெறும் பைப்பை உறிஞ்சிவிட்டு, பழக்கத்தில் ஜன்னல் கட்டையில் தட்டினார்.

"அக்கா, அந்தக் கடிதம் வரணும்னு இருக்கா, வர வேணாம்னு இருக்கா உங்களுக்கு?" என்று அடுப்படிக்குள் ஓரகத்தி மெதுவாகக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், ஜன்னல் கட்டையில் இல்லாத சாம்பலைத் துடைக்க.