இரவல் துக்கம்

எனக்கு அவளைக் கண்டாலே வயிறு எரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நல்லவள் வேடம் போட்டதாகிவிடும்.

கம்பஸில் எங்களுக்கு ‘மேற்கத்தியப் பண்பாட்டில் சமயமும் இலக்கியமும்’ என்றொரு பாடம் இருந்தது. அதைப் படித்தவர்கள் ஒன்பது பேர். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வயல்காரர் வீட்டுச் சைவப் பிள்ளை. அவள் டச்பார் கடற்கரைக் கத்தோலிக்கப் பெண். ஞானஸ்நானம், தவக்காலம், அப்பமும் இரசமும் என்று நான் அகராதியைப் புரட்டி மனனம் செய்ததெல்லாம் அவளுக்குக் குசினிப் பேச்சு. ஏதாவது ஐரோப்பியக் கவிதையில் ஓர் ஆட்டுக்குட்டி தலைகாட்டினால் போதும், படிப்பிக்கிற சேர் அவளைத்தான் பார்ப்பார்.

“நீங்க சொல்லுங்க பிள்ள.”

அவள் மீன் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உட்காருவாள். நானோ விடியவே மண்முனையில் ‘பாதை’ ஏறி வருபவள். ஆட்களையும் சைக்கிள்களையும் வாவி கடத்தும் மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பாதையில் நின்றபடியே பாடமாக்கிக்கொண்டு வந்தது அவள் வாயிலிருந்து சும்மா வந்து விழும். கடைசி வருடம் அந்தப் பாடத்தில் முதலாவதாக வருபவரைத் தற்காலிக விரிவுரையாளராக வைத்துக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதிரை எனக்கு வேண்டியிருந்தது. அவளுக்கும்தான்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மறுநாள் சுனாமியாகக் கடல் வந்தது. அவள் தன்னாமுனையில் பெரியம்மா வீட்டில் நின்றதால் தப்பினாள். தாய் டச்பாரில் தனியாக இருந்தார். எங்கள் பக்கம் வாவித் தண்ணீர் கொஞ்சம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஒரு கோழிகூடச் சாகவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். பொறாமைக்காரி என்றாலும் மனுஷிதானே. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களில், முகத்தை வைத்துத் தாயைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். நத்தாருக்கு முதல்நாள் தாயின் நீல நைட்டிக்கு அவளேதான் கரை மடித்துத் தைத்தாள். பாதியில் நீல நூல் முடிந்துபோக, மிச்சத்தை ரோஸ் நூலால் தைத்தாள். அந்தத் தையலைக் கண்டுதான் “இது எங்கட அம்மா” என்றாளாம். நானும் அழுதேன். அது பொய்யழுகை இல்லை.

கம்பஸ் திரும்பவும் தொடங்கியதும் சேர் ஒரு கட்டுரை தந்தார். துயரப்பட்டவர்கள் கடவுளோடு வழக்காடுவதை மேற்குலக இலக்கியம் எப்படிச் சொல்கிறது என்பது தலைப்பு. சொந்த அனுபவத்திலிருந்து தொடங்கச் சொன்னார். அவள் எழுந்து நின்று கொஞ்ச நாள் தவணை கேட்டாள்.

“அவசரமில்ல பிள்ள. உங்களுக்கு எழுத நிறைய இரிக்கும்.”

அந்த வார்த்தை எனக்குள் போய்க் குத்தியது. வேதமும் அவளுக்கு, சேரின் பார்வையும் அவளுக்கு, இப்போது துக்கமும் அவளுக்கேவா? இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்று கேட்பீர்கள். நினைத்தேன். எனக்கென்று கடலில் போக ஒருவரும் இல்லையே என்றுகூட நினைத்தேன். நினைத்த உடனேயே பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் பேனையைக் கீழே வைக்கவில்லை.

இல்லாத ஒரு சித்தியைக் கல்லடிக் கடற்கரையில் குடிவைத்து, கடலுக்குக் கொடுத்து, அந்த நைட்டியை அவருக்கு உடுத்தினேன். தையலைக் கண்டு நானே அடையாளம் சொன்னதாக எழுதினேன். கட்டுரை சேரின் மேசையோடு நின்றுவிடும் என்றுதான் நம்பினேன். சேர் அதை வகுப்பில் உரக்க வாசித்தார். தையல் வரும் இடத்தை இரண்டு தரம் வாசித்தார். அவள் என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். திரும்பியே பார்க்கவில்லை. பேனை மூடியை எடுத்து மெதுவாகப் போட்டு மூடினாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே போனபிறகுதான் கேட்டாள்.

“அந்த நூலு என்ன நிறமெண்டு எழுதிரிக்காய்?”

“சிவப்பு.”

“ரோஸ் கா அது. எடுத்ததுதான் எடுத்தாய், சரியா எழுதியிரிக்கலாம்.”

சேரிடம் போய்ச் சொல்வாள் என்று ஒரு மாதம் பயந்து செத்தேன். அவள் சொல்லவில்லை. கட்டுரையும் கொடுக்கவில்லை. அந்தப் பாடத்தில் நான் முதலாவதாக வந்தேன், கதிரையும் கிடைத்தது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாள். பஸ்ஸில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். அவள் சொல்லாமல் விட்டதிலும் எனக்குப் பொறாமைதான். என்னால் அப்படி இருந்திருக்க முடியாது.

என் அண்ணன் போர்நிறுத்தச் சமாதான காலத்தில் வன்னிக்கு நெல் வெட்டும் மெசின் ஓட்டப் போனவர். சண்டை திரும்பவும் தொடங்கி ரோட்டு மூடியதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன நாளிலிருந்து அம்மா வாசல் படலையைப் பார்த்தபடி இருந்தார். முகாம் முகாமாக, பட்டியல் பட்டியலாகத் தேடினோம். இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த நவம்பரில் அவள் மழையோடு மழையாகப் பாதை ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். “இப்பதான் கேள்விப்பட்டன்” என்றாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் படலையைப் பார்த்தாள். போகும்போது என்னைக் கேட்டாள்.

“நாளைக்கு எங்கட செத்தவங்கட நாள். சவக்காலைக்கு வாறியா கா?”

போனேன். நான் குடை பிடிக்க, அவள் குந்தியிருந்து தாயின் கல்லறையில் புல் பிடுங்கினாள். பெயர்ப் பலகையைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, “அம்மா, இவ என்னோட படிச்சவ” என்று என்னைக் காட்டினாள். அந்த இடத்தில் எனக்குத் தாங்கவில்லை.

“எனக்கு உன்னில பொறாமையா இரிக்கு. வந்து நிக்கிறதுக்கு உனக்கு ஒரு இடம் இரிக்கு” என்றேன்.

“தெரியும்” என்றாள். காற்றுக்கு அணையாமல் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டாள். பிறகு, “இதையும் எழுதிப்போடாத” என்றாள்.

எழுதமாட்டேன் என்று சொன்னேன்.