சலவைத் தண்ணீர் போன வழி

பாப்பிரெட்டிப்பட்டியில் நாங்கள் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். தாலுகா ஆபீசில் எனக்குத் தட்டச்சு வேலை. துணி துவைக்கக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதனால் வாஷிங் மெஷின் வந்தபோது பெரிய நிம்மதி. மாட்டிக் கொடுத்தவர் தண்ணீர் வெளியேறும் குழாயைப் பின்பக்கச் சுவரோரமாகக் கீழே இறக்கிவிட்டுப் போனார். அது எங்கே போகிறது என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அது போனது பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு. நாலு பாத்தி மிளகாய், சுவரோரம் இரண்டு வாழை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. விடியுமுன்பே பூந்தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போய்விடுவாள். அதுவரை நாங்கள் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி.

ஒருநாள் சாயங்காலம் வேரோடு பிடுங்கிய மிளகாய்ச் செடியோடு மாடிப்படி ஏறி வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க மெஷின் தண்ணி எங்க பாத்தியில வந்து நிக்குது. எலையெல்லாம் ஓரம் கருகுது பாருங்க."

"சோப்புத் தண்ணிக்கெல்லாம் செடி சாவுமா? வெயிலுக்குக் காஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் "சரிங்கக்கா" என்று இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கோ ஆத்திரம். என் கணவரிடம் சொன்னால் அவர், "தெரு சாக்கடையில திருப்பி விடலாம். ஆனா அது ஏரிக்குத்தான போவுது, அங்க மாடு குடிக்குமே" என்றார். அவள் சொன்னது தப்பு என்று காட்டியே தீருவது என முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு மெஷின் தண்ணீரை இரண்டு வாளிகளில் பிடித்துவைத்து, என் சாமந்தித் தொட்டிக்குத் தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். இரண்டாவது வாரம் இலைகள் ஓரத்தில் பழுப்பாயின. மொட்டுகள் விரியாமலே சுருங்கின.

யாரும் பார்க்கவில்லை. தொட்டியைத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே அவள் வீட்டுக்குப் போனேன்.

ஜெயித்த முகத்தோடு நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "ஐயோ, மொட்டு வுட்டிருந்துச்சேக்கா!" என்று இலையைத் தடவினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு பவுடர் போடுவீங்க?"

"ரெண்டு கரண்டிம்மா. இந்தப் போர் தண்ணிக்கு நுரையே வர்றதில்ல."

"நுரை எதுக்குங்கக்கா? அழுக்குதான போவணும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே மாடிக்கு வந்தாள். துணிகளை முன்கூட்டியே ஊறவைத்தோம். காலரையும் கைமடிப்பையும் மட்டும் கட்டிச் சோப்பால் தேய்த்து, மெஷினில் அரைக் கரண்டி பவுடர் போட்டோம். சட்டைகள் எப்போதும்போல வெளுப்பாகவே வந்தன. இன்னும் சொன்னால், காய்ந்தபின் முன்பிருந்த மொடமொடப்பு இல்லை. முதல் தண்ணீரை வாளிகளில் பிடித்துக் கக்கூசுக்கு வைத்துக்கொண்டோம். கடைசியாக அலசிய தண்ணீரை எங்கே விடுவது என்பதை அவள்தான் சொன்னாள்: "மொளகாய்க்கு வேணாங்க. வாழைக்கு வுடுங்க. அதுவும் ஒரே மரத்துக்கு வுடாம மாத்தி மாத்தி."

அதிலிருந்து மெஷின் நிறையும்வரை துணி சேர்த்தே போடுகிறேன். அதைவிடக் கஷ்டமாக இருந்தது என் கணவரின் சட்டைகள்தான். அரை நாள் போட்டதைக்கூட அழுக்குக் கூடையில் போடுவார். அப்படிப்பட்டவற்றை எடுத்துக் காற்றாட மாட்டிவைத்தேன். "ஆபீஸ்ல எல்லாரும் மோந்து பாப்பாங்க" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். யாரும் மோந்து பார்க்கவில்லை. மூன்று தடவை ஓடிய மெஷின் ஒரு தடவை ஓடினால் போதும் என்றானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கக்கூட முடிந்தது.

இரண்டு பாத்திகள் மட்டும் தேறவில்லை. அவள் செடிகளைப் பிடுங்கி மண்ணைக் கொத்திப்போட்டாள். இரண்டு மூன்று நல்ல மழை பெய்து மண் அலசப்படும்வரை ஒன்றும் நடவில்லை. அவள் குழாயை வெட்டிவிட்டிருக்கலாம். வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் சொல்லியிருக்கலாம். தெருவில் நின்று சத்தம் போட்டிருந்தாலும் நியாயம்தான். இவை எதையும் செய்யாமல் என் படியேறி வந்து, நான் எடுத்தெறிந்து பேசியும் சும்மா போனாளே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று தோன்றும்.

மழைக்குப் பிறகு ஒருநாள் நாற்று நடக் கூப்பிட்டாள். ஈர மண்ணில் இருவரும் குந்தி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எனக்குச் சொல்ல வாய் வந்தது.

"அன்னிக்கி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. நீ மட்டும் சொல்லலன்னா எனக்கு இதெல்லாம் தெரிஞ்சே இருக்காது."

அவள் நிமிரவில்லை. அடுத்த நாற்றை என் கையில் கொடுத்தாள்.

"குழி மேலாப்புல இருக்குதுங்கக்கா. இன்னும் கொஞ்சம் ஆழமா தோண்டுங்க."