ஒரு சைஸ் பெரிய கார்புரேட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை, பனகல் பார்க் சிக்னலில், என் அப்பா முன்பின் தெரியாத ஒரு ஆட்டோக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டார். எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் முறை!

காரணம் நான் இல்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். பத்திரிகை கைக்கு வந்தால் அப்பா துணிக்கடை விளம்பரங்களை ஒரு எழுத்து விடாமல் படிப்பார். என் பக்கம் வரைக்கும் இதுவரை வந்ததில்லை.

காரணம் என் தங்கை கோமதி. இன்னும் சரியாகச் சொன்னால், கோமதி மாட்டிய ஒரு கார்புரேட்டர்.

கார்புரேட்டர் தெரியும்தானே? பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டிவிடுகிற சமாசாரம். போன மாதம் வரை எனக்கு இதுகூடத் தெரியாது.

அப்பாவிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. இரண்டு பக்கமும் சைலன்சர். அது தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் அம்மா காபி கலக்க ஆரம்பித்துவிடுவார் – அவ்வளவு சத்தம். திருநெல்வேலியிலிருந்து வந்து தி.நகரில் ரெடிமேட் கடை போட்ட புதிதில் வாங்கியது. துணி மூட்டையைச் சுமந்தது, எங்களைச் சுமந்தது... இப்போது அப்பாவுக்கு முழங்கால் வலி, வண்டிக்கு இழுப்பு. மயிலாப்பூர் வீட்டு வாசலில் இரண்டு வருடமாக ஸ்டாண்டு போட்டு நிற்கிறது.

கோடம்பாக்கத்திலிருந்து ஒரு சினிமா கம்பெனி மேனேஜர் வந்தார். சண்டைக் காட்சியில் மலை உச்சியிலிருந்து உருட்டிவிட ஒரு பழைய பைக் வேண்டுமாம். ஓட வேண்டிய அவசியம்கூட இல்லையாம். அப்பா சரி என்றுவிட்டார்.

கோமதி விடவில்லை. தரமணியில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறாள். சின்ன வயதில் அந்த பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றியவள். "ஒரு மாசம் டைம் குடுங்கப்பா. நான் ஓட்டிக் காட்டுறேன். அப்புறம் வண்டி எனக்கு."

அப்பா வியாபாரி. சும்மா விடுவாரா? "தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழம என்னையும் ஒரு துணி மூட்டையையும் ஏத்திக்கிட்டு வீட்டுலேருந்து கடைக்கு ஓட்டணும். வழியில ஒரு தடவ இன்ஜின் நின்னாலும் வண்டி மலைக்குத்தான், கேட்டியா?"

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகரில் நடந்து போகிறவனே நின்று நின்றுதான் போகிறான். பைக் எம்மாத்திரம்?

கோமதி இன்ஜினைப் பிரித்தாள். சிலிண்டரை ரீபோர் செய்து, அதாவது உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி, முன்பைவிடப் பெரிய பிஸ்டன் போட்டாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டு ரசத்தில்கூட மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. இன்ஜின் பெரிதாகிவிட்டதால் பழைய கார்புரேட்டர் போதவில்லை. அதன் துவாரம் இருபத்தெட்டு மில்லிமீட்டர். கணக்கெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு முப்பது மில்லிமீட்டர் சரியா இருக்கும்" என்றாள்.

அப்பா காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் வண்டி உதிரி பாகங்கள் விற்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கே போய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, முப்பது கேட்டேல்லா? முப்பத்திநாலாவே வாங்கிட்டேன். கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்!"

இதில் ஆச்சரியமே இல்லை. "வளருத பிள்ள, ஒரு சைஸ் பெருசாவே எடுங்க" என்று கடைக்கு வருகிற ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்கிறவர் அப்பா. அந்தக் கொள்கையின் முதல் பலி நான். எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் என் விரல்களை யாரும் பார்த்ததில்லை, சட்டைக் கை அவ்வளவு நீளம்.

"ஆசையா வாங்கிட்டு வந்திருக்கார்ண்ணே. எப்படி வேணாம்னு சொல்றது?" என்று கோமதி என்னிடம் முணுமுணுத்துவிட்டு அதையே மாட்டினாள். அப்பாவை ஏற்றிக்கொண்டு பீச் ரோட்டில் ஒரு ஓட்டம். வண்டி பறந்தது! என் ஸ்கூட்டர் பின்னால் வருகிறதா என்று அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும்போது லஸ் கார்னர். பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகவேண்டியிருந்தது. வண்டி இருமியது... திணறியது... நின்றது. மறுபடி உதை. மறுபடி இருமல். கடைசியில் வீடு வரை தள்ளிக்கொண்டுதான் வந்தாள்.

"இன்ஜின்தான் கோளாறு. ஞாயித்துக்கிழம சினிமாக்காரனக் கடைக்கு வரச் சொல்லிருதேன்" என்று அப்பா போனை எடுத்தார்.

"கோளாறு இன்ஜின்ல இல்லப்பா. கார்புரேட்டர் சைஸ் பெருசு."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காலமெல்லாம் ஊருக்கே சைஸ் பாத்துக் குடுக்கேன். எனக்கா சைஸ் சொல்லித் தாரே?"

கோமதி அசரவில்லை. "இளநிய ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுறீங்க. தோட்டத்து ஹோஸ் பைப்பப் போட்டு உறிஞ்சினா வருமா? காத்துதான் வரும். பீச் ரோட்டுல முழுசா முறுக்கும்போது இன்ஜின் வேகமா இழுக்குது, பெரிய ஓட்டையிலயும் பெட்ரோல் வந்துடுது. ட்ராஃபிக்ல மெதுவாப் போனா அந்த இழுப்பு பத்தல. அதான் நிக்குது."

"இருக்கட்டுமேட்டி. போகப் போகச் சரியாப் போயிராதா?"

"சட்டை பெருசா இருந்தா பிள்ளை வளர்ந்துக்கும்ப்பா. இன்ஜின் வளராது. அது வளர வேண்டியதெல்லாம் நான் ரீபோர் பண்ணும்போதே வளர்ந்தாச்சு."

அப்பா ஆசையாக வாங்கி வந்ததைக் கோமதி கழற்றி, துணியில் சுற்றி, பத்திரமாக அலமாரியில் வைத்தாள். முப்பது மில்லிமீட்டர் வாங்கி மாட்டினாள். ஞாயிறு வரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் நான் – உப்பு கேட்டால் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு.

ஞாயிறு வந்தது. முன்னால் கோமதி, பின்னால் அப்பா, அவர் மடியில் மூட்டை. நான் ஸ்கூட்டரில் தொடர்ந்தேன். ஆழ்வார்பேட்டை தாண்டியது. தேனாம்பேட்டை தாண்டியது. வெங்கட்நாராயணா ரோட்டில் கூட்டம் ஆரம்பித்தது. பனகல் பார்க்கில் எல்லாமே உறைந்துவிட்டது. ஒரு அடி நகர்வது, நிற்பது. ஒரு அடி நகர்வது, நிற்பது. அப்பா மூட்டையை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

நின்றது... என் ஸ்கூட்டர்!

கோமதியின் வண்டி டுப் டுப் என்று சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா மாமா, பழைய வண்டி இந்த ட்ராஃபிக்லயும் சோக்கா போய்க்கினு கீது? எந்த மெக்கானிக்கு?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவதான். என் மக! இன்ஜினப் பூராப் பிரிச்சு மாட்டுனது இவதான். எல்லாம் சைஸ்லதான்யா இருக்கு. முப்பத்திநாலுல்லாம் ஆகாது. முப்பதுதான் சரி!"

கோமதி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடியில் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. கண் நிறைந்திருந்தது. ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே நானும் கலங்கினேன். என் தங்கை என்று அந்த சிக்னலில் நின்ற எல்லோரிடமும் சொல்லவேண்டும்போல இருந்தது.

கடை வாசலில் சினிமா மேனேஜர் மினி லாரியோடு காத்திருந்தார். அப்பா முழங்கால் வலியோடு மெல்ல இறங்கினார். "வண்டி ஓடுதுய்யா. ஓடுத வண்டியப் போயி மலையிலேருந்து உருட்டுவாங்களா?" என்று அவரை அனுப்பிவைத்துவிட்டு, சாவியைக் கோமதியின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

கடைக்குள் ஒரு அம்மா, மகளுக்கு ஃபிராக் எடுத்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, வளர்ற பொண்ணு. ஒரு சைஸ் பெருசாவே குடுங்க."

அப்பா ஒரு நொடி யோசித்தார். வாசலில் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்த கோமதியைப் பார்த்தார்.

"வேண்டாம்மா. அளவாவே எடுங்க. பிள்ள சௌகரியமா ஓடியாடட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே, அப்பா எனக்கென்று எடுத்து வைத்திருந்த தீபாவளிச் சட்டையைப் பிரித்துப் பார்த்தேன்... ஒரு சைஸ் பெரிசு. நான் இன்னும் வளர்வேன் என்று அப்பாவுக்கு நம்பிக்கை இருக்கிறது!