பட்டன் சிஸ்டர்

எதிரில் வந்து உட்காருகிறவள் முந்தானையைச் சரிசெய்து முடிப்பதற்குள், தங்கமயில் சுருக்குப் பையின் வாயைத் தளர்த்தி ஒற்றை விரலை உள்ளே விட்டுத் துழாவிவிடுவார். பையில் நான்கு பொத்தான்கள். வெள்ளை மூன்று, அவற்றுக்கு இரண்டிரண்டு துளை. கறுப்பு ஒன்று, அதற்கு நான்கு துளை. அந்த நான்கு துளை விரல்நுனியில் தட்டுப்பட்ட பிறகுதான் அவருக்குச் சிரிப்பே வரும். "வா தாயி, சொல்லு" என்பார்.

அறுபதுகளின் கடைசியில், பம்பாய் தாராவியில் பாதிப் பெண்களுக்கு அவர் பெயர் தெரியாது. பட்டன் சிஸ்டர் என்றால் எந்தச் சந்திலும் கை காட்டிவிடுவார்கள். ஒரு சின்னப் பிரசவ விடுதியில் ஹெல்த் விசிட்டர் வேலை. நாற்பது வயது, நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே கறுப்புக் குடை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து நடந்தே வருவார். வலது கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். மனசு சரியில்லை என்றால் அது இடது கன்னத்துக்கு மாறிவிடும். விடுதியின் மராட்டி டாக்டரம்மா அந்தக் கன்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

டாக்டரம்மாவின் படிவத்தில், கணவர் உறவுக்காரரா என்று ஒரு கேள்வி உண்டு. நேராகக் கேட்டால் நம் பெண்கள் வாய் கூசாமல், "அசல்தான் சிஸ்டர், சொந்தமில்ல" என்று சொல்லிவிடுவார்கள். சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி என்று பிறந்த வீட்டைக் குறை சொல்லிவிடுவார்களோ என்று பயம். தங்கமயிலிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

"தாலி ஏறுததுக்கு முந்தி ஒன் மாமியாள என்னன்னு கூப்புடுவ?"

"ஆச்சின்னுதான்."

தீர்ந்தது. ஆச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள், அவள் மகன் தாய்மாமன். தாளில் பெண்ணுக்கு ஒரு வட்டம், ஆணுக்கு ஒரு சதுரம், சொந்தத்தில் கட்டியதற்கு நடுவில் இரட்டைக் கோடு என்று வரைந்துகொள்வார். மாட்டிக்கொண்டவள் சும்மா விடுவாளா? "நீங்க மட்டும் யாரக் கட்டியிருக்கிய?" என்று திருப்பிக் கேட்பாள்.

"எங்க அத்தை மவன் சுயம்புவத்தான். எனக்கு வெள்ளைப் பொத்தான் வந்துது, ரெண்டு பயலும் நல்லாருக்கானுவ. அதுக்காவ ஒனக்கும் வெள்ளைதான் வரும்னு நான் சொன்னா அது பொய்யில்லா?"

அப்புறம்தான் பை திறக்கும். தாயும் தகப்பனும் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள். ஒரே கோளாறு இரண்டு பேர் ரத்தத்திலும் ஒளிந்து கிடக்கும். பிறக்கிற பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு அது வெளிப்படலாம். டாக்டரம்மா இதைக் கணக்காகச் சொன்னால் யாருக்கும் ஏறுவதில்லை. சுயம்புவின் பழைய சட்டையிலிருந்து மூன்று, மழைக்கோட்டிலிருந்து ஒன்று என்று பொத்தான்களைப் பிய்த்துக்கொண்டு வந்த பிறகு ஏறியது. "கண்ண மூடிட்டு ஒண்ணு எடு" என்பார். வெள்ளை வந்தால் நல்ல பிள்ளை, கறுப்பு வந்தால் கோளாறுள்ள பிள்ளை.

இந்தத் துழாவல் பழக்கம் மட்டும் பிறகு வந்தது. ஆறுமுகத்தாய் பேடாப் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டு வந்த நாளில் தொற்றிக்கொண்டது.

ஆறுமுகத்தாய் கட்டியிருப்பதும் தாய்மாமனைத்தான். செல்லப்பாண்டி, தோல் பட்டறையில் வேலை செய்கிறவர். அவர்களுடைய முதல் பிள்ளை பிறக்கும்போது கொழுகொழுவென்றுதான் இருந்தது. மூன்றாம் மாதத்தில் கைகால் துவண்டது, கழுத்து நிற்கவில்லை, ஒன்பதாம் மாதம் மூச்சுவிட முடியாமல் போய்விட்டது. அந்தத் துக்கத்தோடு வந்தவளிடம் தங்கமயில் பையை நீட்டினார். அவள் எடுத்தது கறுப்பு. "இதுதாம்மா போயிட்ட பிள்ள" என்று அதை மேசைமேல் வைத்தபோது பிரசவ அறையில் மணி அடித்தது. தங்கமயில் எழுந்து ஓடினார். திரும்பி வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஆறுமுகத்தாய் போய்விட்டிருந்தாள். மேசைமேல் கிடந்த கறுப்புப் பொத்தானைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

பத்து மாதம் கழித்து வந்தவளுக்கு நாலு மாதம்.

"பிள்ள தங்காம லூப் வச்சுக்கிடுதேன்னு சொன்னியே தாயி?"

"எதுக்கு சிஸ்டர்? கறுப்புதான் அன்னைக்கே வெளிய வந்துட்டுல்லா! நீங்க போன பெறவு பைய விரிச்சுப் பாத்தேன். மூணும் வெள்ளை. அவுகள்ட்ட சொன்னேன், இனி பயமில்லன்னு."

கிராம்பு இடது கன்னத்துக்குப் போனது. சிரித்து மழுப்பிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அவர் மழுப்பவில்லை.

"ஏளா, நான் அத திரும்ப உள்ள போட்டுருக்கணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலும் உள்ளதான் கெடக்கும். அதச் சொல்லாம ஓடிட்டேன். தப்பு எம்மேலதான்."

ஆறுமுகத்தாய் பேடாப் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "அப்ப கறுப்பு இன்னும் உள்ளதான் கெடக்கா?"

"கெடக்கு."

"எக்ஸ்ரேல தெரியாதா?"

"தெரியாது. வெளிநாட்டுல கர்ப்பத் தண்ணிய எடுத்துப் பாக்காவளாம், டாக்டரம்மா படிச்சுச் சொன்னாவ. அதுலயும் இந்த நோய் தெரியாதாம்."

"கலைச்சிரட்டுமா?"

"சட்டத்துல எடமில்ல, டாக்டரம்மா செய்யமாட்டாவ. நாக்கா முக்குல குச்சி வச்சுக் கலைக்கவ ஒருத்தி இருக்கா. அவகிட்ட போயிட்டு வந்த மூணு பேர இந்தக் கையால கட்டில்ல ஏத்தினேன். ஒருத்தி எறங்கவே இல்ல."

"நீங்கதான் என்ன சொல்லுதிய?"

"நாலுல மூணு பங்கு நல்ல பிள்ள. ஒரு பங்கு முந்தினது மாதிரி. இதுக்கு மேல எனக்குத் தெரியாது தாயி. நீயும் அவரும் பேசுங்க. எந்த முடிவுக்கு வந்தாலும் நேரா எங்கிட்ட வா, அவகிட்ட போவாத."

வந்தாள், மாதாமாதம் வந்தாள். வயிறு வளர வளர அவள் தைரியமாகிக்கொண்டு போனாள், இளைத்தது தங்கமயில்தான். சோற்றில் கை வைத்தால் அந்த மேசையும் பொத்தானும் கண்முன் வந்து நிற்கும். பையைத் துழாவாமல் எந்தப் பெண்ணிடமும் பேச வாய் வரவில்லை. "ஒருநாள் மணி அடிச்சதுக்கு இத்தன பெரிய தண்டனையா?" என்று சுயம்பு கேட்டபோது, "தண்டனை எனக்கா, அவளுக்கா?" என்று எரிந்து விழுந்தார்.

ஆடி மழையில் பெண்குழந்தை பிறந்தது. அதிலிருந்து வியாழக்கிழமைதோறும் தங்கமயிலின் குடை செல்லப்பாண்டியின் ஒற்றை அறைக் கோலி வாசலில் மடங்கும். எடை பார்க்க வந்தேன் என்று சாக்கு. அந்தப் பத்தடி அறையில் தராசைத் தொங்கவிட்டு எடை பார்ப்பார், எழுதிக்கொள்வார், அதெல்லாம் ஒப்புக்கு. பிறகு குழந்தையை மடியில் மல்லாத்தி, இரண்டு பிஞ்சுக் கையையும் பிடித்து மெல்ல மேலே இழுப்பார். தலை பின்னுக்குத் தொங்குகிறதா, கூடவே எழும்புகிறதா? முதல் இரண்டு மாதம் எந்தக் குழந்தைக்கும் தொங்கத்தான் செய்யும் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்ப்பார். மூன்றாம் மாதம் மூன்று வியாழன் போய்ப் பார்த்துவிட்டு, நாலாவது வியாழன் சந்து முனைவரை வந்து, கால் வராமல் திரும்பிவிட்டார். மறுநாள் தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார்.

நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும், ஆறு மாதம் தாண்டட்டும் என்று டாக்டரம்மா கெடு வைத்திருந்தார். அது தாண்டிய வியாழக்கிழமை செல்லப்பாண்டியும் பட்டறைக்குப் போகாமல் இருந்தார். தங்கமயில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்க சிஸ்டர்" என்றாள் ஆறுமுகத்தாய்.

கையோடு கூடவே தலையும் எழுந்து வந்தது. எழுந்தது மட்டுமா, உட்கார்ந்து அவர் மூக்குக் கண்ணாடியையும் பிடித்து இழுத்தது. நம்பாமல் இன்னொரு தடவை படுக்கவைத்து இழுத்தார். மூன்றாம் தடவை இழுக்கப்போனபோது ஆறுமுகத்தாய் தடுத்தாள். "போதும், பிள்ளைக்குக் கை நோவும்." தங்கமயில் சேலை அழுக்காவதைப் பார்க்காமல் சுவரில் சாய்ந்து அழுதார்.

செல்லப்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "இது ஒரு வெள்ளை போச்சு. பையில இன்னும் ரெண்டு வெள்ளை கெடக்குல்லா? அடுத்தது ஆம்பளப் பிள்ளதான்!"

தங்கமயில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் ஆறுமுகத்தாய் அவர் மடியிலிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். ஒரு வெள்ளைப் பொத்தானைப் பொறுக்கிப் புருஷன் உள்ளங்கையில் வைத்தாள். "இது இவ." அவர் பல்லெல்லாம் தெரியப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டாள். வாயைச் சுருக்கி, நாலும் கலகலவென்று ஒலிக்கக் குலுக்கி, அவர் முன்னால் நீட்டினாள்.

"அடுத்ததுக்கு இப்ப எடுங்க மாமா, பாப்போம்."

செல்லப்பாண்டி நீட்டிய கையைப் பாதியிலேயே மடக்கிக்கொண்டார். ஆறுமுகத்தாய் பையைத் தங்கமயிலிடம் கொடுத்தாள். அவர் கிராம்பை வலது கன்னத்துக்கு ஒதுக்கி, விரலை உள்ளே விடாமலே கயிற்றை இறுக்கி, பையை இடுப்பில் செருகிக்கொண்டார்.