கதிரை மாறி இருந்த நாள்

எங்கள் ஆய்வுக் கூட்டங்களில் வாவியோரத்து மக்கள் அதிகம் சொன்ன சொல் "ஓம்". வெளிநாட்டிலிருந்து வந்திருந்த என் சக ஆய்வாளருக்கு அதில் பெரிய சந்தோஷம். "எல்லாரும் சம்மதிக்கிறார்களே!" என்பாள். "இல்லை, காதில் விழுகிறது என்கிறார்கள், அவ்வளவுதான்" என்று ஒவ்வொரு முறையும் நான் விளக்க வேண்டியிருந்தது.

நான் வந்தாறுமூலை வளாகத்தில் வேலை செய்கிறேன். வாவியின் ஒரு பக்கத்தில் சூரிய மின்தகடுகளை மிதக்கவிடும் யோசனை ஒன்று வந்தது. இப்படிப்பட்ட மாற்றங்களில் ஊராரின் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடுகிறது என்று பார்க்க, அவளுடைய பல்கலைக்கழகமும் எங்களுடையதும் சேர்ந்து ஆராய்ந்தன. கேள்விகளைச் சேர்ந்தே எழுதினோம், சேர்ந்தே சண்டையும் பிடித்தோம்.

கூட்டமெல்லாம் ஒரே மாதிரித்தான் நடந்தது. மின்விசிறிக்குக் கீழே அதிகாரிகள், கடைசி வரிசையில் மீனவர்கள். அதிகாரி பேசுவார், மீனவர்கள் ஓம் சொல்வார்கள், தேத்தண்ணியும் றோல்சும் முடிந்ததும் மண்டபம் காலியாகிவிடும்.

"ஆள் மாறி நடிக்கச் சொல்லிப் பார்ப்போமா?" என்று அவள் கேட்டாள். இங்கே சரிவராது, வெட்கப்படுவார்கள் என்றேன். அவள் விடவில்லை.

அடுத்த கூட்டம் நாவற்குடாப் பக்கம் ஒரு மண்டபத்தில். யார் யாராக நடிப்பது என்று துண்டுச் சீட்டு எடுத்தோம். அதிகாரி வேடம் தோணிக்கரையில் இறால் வாங்கிச் சந்தையில் விற்கும் ஒரு அக்காவுக்கு விழுந்தது. மீனவர் வேடம், இந்தத் திட்டத்தைப் பார்க்கும் அரசாங்க அதிகாரிக்கே விழுந்தது. மனிதர் நெளிந்தார். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு நேரே போய் மின்விசிறிக்குக் கீழே இருந்த அதிகாரியின் கதிரையில் உட்கார்ந்தார்.

"என்ன விசயம்? கடிதம் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல மிஸ்."

"கடிதமில்லாம என்னத்தக் கதைக்கிற? வெள்ளிக்கிழமை வாங்க."

"வெள்ளிக்கிழமையும் வந்தன் மிஸ்! நீங்க மீட்டிங்ல எண்டாங்க!"

மண்டபமே சிரித்தது. ஆனால் மீனவராக நடித்த அதிகாரிக்கு உண்மையாகவே சூடேறிவிட்டது. "எங்கட தோணி எந்தப் பக்கத்தால போற எண்டு ஆராவது ஒரு நாள் கேட்டீங்களா?" என்று மேசையில் தட்டினார்.

"சரி, வந்து படத்தில காட்டுங்க" என்றார் அக்கா.

சுவரில் வாவியின் பெரிய வரைபடம் தொங்கியது. அதிகாரி சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தார்.

"சேர், அதால போனா கண்டல் காட்டுக்குள்ளதான் நிப்பீங்க!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அதோடு எல்லோரும் எழுந்து படத்தடிக்கு வந்துவிட்டார்கள். தகடுகளைக் கண்டல் பக்கம் போடச் சொன்னார்கள் நடுவாவியில் வலை போடுகிறவர்கள். கண்டல் பக்கம் இறால் பிடிக்கிறவர்கள் நடுவாவியில் போடு என்றார்கள். மொழிபெயர்க்க முடியாமல் நான் கையை விரித்தேன். என் சக ஆய்வாளர் ஆனந்தத்தில் குதிக்காத குறை.

இரண்டு பக்கமும் அக்காவைப் பார்த்தது. அவர் தலையில் கை வைத்தார். "ஐயோ மனே, இதில இருந்து பார்த்தாத்தான் தெரியுது. ஒரு பக்கத்துக்கு ஓம் எண்டா மற்றப் பக்கம் கோவிக்குது."

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க மிஸ்!" என்றார் அதிகாரி. அவரும் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

கடைசியில் ஒரு மீனவர் சொன்ன யோசனையில் எல்லோரும் வந்து நின்றார்கள். முதலில் இரண்டு இடத்திலும் தகடுகளுக்குப் பதிலாக வெறும் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிடுவோம், தோணிக்கும் வலைக்கும் என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்றார். அதிகாரி நடிப்பை விட்டு நிஜமாகவே எழுந்து, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். அனுமதியும் வாங்கி வந்தார்.

பீப்பாய்கள் மிதந்தன. தோணிகள் கொஞ்சம் சுற்றிப் போயின. யாரும் நினைக்காத ஒன்றும் நடந்தது. நீர்க்காகங்கள் கூட்டமாக வந்து குந்தி, பீப்பாய்களை வெள்ளையடித்துவிட்டன. பார்க்க வந்த பொறியியலாளர் ஒரு பீப்பாயை விரலால் சுரண்டிப் பார்த்தார். எச்சம் படிந்த தகட்டில் மின்சாரம் எப்படி வரும்?

இப்போது தகடுகளில் பெரும்பகுதி சந்தைக் கூரையில் இருக்கிறது. கரையோரமாக ஒரு சிறிய வரிசை மட்டும் மிதக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பக்கத்து மீனவர்களும் சேர்ந்த குழுவுக்கு அந்த அக்காதான் தலைவி. கூட்டம் நீளவே நீளாது. அவருக்கு இறால் கெடுவதற்குள் சந்தைக்குப் போக வேண்டும்.