கல்லிடைக்குறிச்சியில் தலையிடி

பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்தால், ஊர்ப் பலகையில் ‘கல்லிடை’ மட்டும் தெரிகிறது. ‘குறிச்சி’ இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் நெளிகிறது. வலி வரப்போவதற்கான அடையாளம்; இருபது வருடப் பழக்கம். அரை மணி நேரத்துக்குள் மாத்திரை விழுங்காவிட்டால் இரண்டு நாளைக்கு இருட்டறைதான். மாத்திரை திருநெல்வேலி விடுதி அறையில், என் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

எதிரே ஒரு மருந்துக்கடை. “அண்ணை, சரியான தலையிடி. மருந்து தாங்கோ” என்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் தலைவலிக்கு அதுதான் பெயர்.

கடைக்காரர் பதறி எழுகிறார். “எதுல இடிச்சிய அண்ணாச்சி? பஸ் கம்பிலயா?”

என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, முடியை விலக்கிக் காயம் தேடுகிறார். காயம் கிடைக்கவில்லை. ஆனாலும் பஞ்சில் மருந்தைத் தொட்டு நெற்றியில் வைக்கிறார். அந்த நெடியில் எனக்குக் குமட்டுகிறது.

“ஒண்டிலயும் இடிபடேல்லை அண்ணை. உள்ளுக்குள்ளதான் இடிக்குது, ஒரு பக்கம் மட்டும். வெளிச்சத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு.”

பஞ்சு நிற்கிறது. அவர் என்னை உற்றுப் பார்க்கிறார்.

“ஒத்தத் தலவலியா?” என்றபடி அலமாரியிலிருந்து ஓர் அட்டையை உருவுகிறார். “அதத் தமிழ்ல சொன்னா என்ன வே?”

ஆமென்று தலையாட்டிக் கையை நீட்டுகிறேன். மாத்திரை இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.